லாசர் கை துடைத்த புடவை

சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சுபஸ்ரீ துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். பெயர்தான் பெரிது. வருவதெல்லாம் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிக்கிறானா, சொன்ன கம்பெனியில்தான் வேலை பார்க்கிறானா, பெண்ணுக்கு முன்னால் ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் படியேறி வருவார்கள். இதற்கு முன் அவள் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் இருந்தாள். கெட்டுப்போன பாகம் எங்கே கெட்டது, ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்கிற வேலை. அதுவே தேவலை என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும். இரும்புக்கு வாயில் ஒன்று, மனசில் ஒன்று கிடையாது.

அந்த வியாழக்கிழமை வந்த பெண்மணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய செயினில் சிலுவை. மடியில் வாய் கட்டிய பிளாஸ்டிக் பை. அந்தப் பையிலிருந்து ஒரு வாடை அறையில் பரவிக்கொண்டிருந்தது; அது தெரிந்து அவளே கூசிப்போயிருந்தாள்.

"எம்பேரு அந்தோணிமேரி. வாலாஜாபாத் ரோட்ல லாட்ஜ் வச்சிருக்கேன். ஷேர் ஆட்டோக்காரங்க பேய் பங்களான்னு சொல்வாங்களே, அது."

சுபஸ்ரீயின் உதவியாளர் அண்ணாதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வயதில் அவளுக்கு அப்பா மாதிரி. ஆனால் ஒரு வழக்கு வந்துவிட்டால் குதிக்காத குறைதான். "அட, அந்த ஸ்டாப்ல எத்தினி பேர எறக்கி வுட்டுகிறேன்! லாசர்னு ஒரு ஆளு குடிச்சிட்டு கெணத்துல வுயுந்து பூட்டாராம் மேடம். இன்னும் அங்கதான் பீடி புடிச்சிகினு சுத்துறாராம்."

"அவரு என் வூட்டுக்காரரு," என்றாள் அந்தோணிமேரி.

அண்ணாதுரை எழுந்து அவளுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

லாசர் இறந்து நாலு வருடமாகிறது. ஊர் பேசிய பேய்க் கதையை அவள் சட்டை செய்யவில்லை. லாரி டிரைவர்களும் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் பையன்களும் வந்து தங்குகிற இடம். பேய்க்கு பயந்து யாரும் வாடகைக்கு வராமல் இல்லை. அப்படித் தங்க வந்தவர்களில் ஒருவர்தான் ஜெபகுமார். நாசரேத் பக்கத்து மனிதர், மனைவியை இழந்தவர், ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன்.

"பழகிட்டோம் மேடம்," என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "தப்பா பழகிட்டு பூசைல நன்மை அப்பம் வாங்கப் போறது எனக்கு உறுத்திச்சி. கல்யாணம் பண்ணிக்கலாம்னு நான்தான் கேட்டேன். அவரும் சரின்னாரு. சாமியார்கிட்ட சொல்லி ஓலை போட்டாச்சு."

"இன்னாம்மா ஓலை?" என்றார் அண்ணாதுரை.

"எங்க கோவில்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு தடவ பொண்ணு மாப்ள பேர பூசைல வாசிப்பாங்க. யாருக்காவது தடை தெரிஞ்சா சொல்லணும். அதான் ஓலை."

முதல் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து அவள் சமையலறையில் இருந்தபோது, அவளுடைய அறைக் கட்டிலுக்கு அடியில் எச்சில் தட்டு ஒன்று வந்திருந்தது. மீன் முள், ஊசிப்போன குழம்பு, மேலே ஈ. கொடியில் காயப்போட்டிருந்த புடவையில் யாரோ எச்சில் கையைத் துடைத்திருந்தார்கள். அடுத்த ஞாயிறும் அதேதான். இந்த முறை பீரோவில் இருந்த கல்யாணப் புடவையில்.

"அது ரெண்டாம் ஓலை அன்னைக்கா?" என்று கேட்டாள் சுபஸ்ரீ.

"அன்னைக்கு வாசிக்கணும். ஆனா புள்ளைங்களுக்கு மொத தடவ புது நன்மை குடுக்கற நாளு, ஆயர், அதான் பிஷப், வந்திருந்தாரு. பூசை இழுத்துகினே போச்சு. ஓலைய செவ்வாக்கெழமை அந்தோணியார் நவநாள் பூசைல வாசிக்கறேன்னு சாமியார் மைக்லயே சொல்லிட்டாரு. அதே மாதிரி செவ்வாக்கெழமை வாசிச்சாரு."

"செவ்வாக்கெழமை பேய் வந்துச்சா?"

"இல்ல. ஞாயித்துக்கெழமைதான் வந்துச்சே." பையை மேசைமேல் வைத்தாள். "இதான் அந்தப் புடவ. தோய்க்கவும் மனசு வரல, எறியவும் வரல."

சுபஸ்ரீ அண்ணாதுரையை டீ வாங்க அனுப்பினாள். அவர் இறங்கிப்போனதும் அந்தோணிமேரி குரலைத் தாழ்த்தினாள்.

"இது லாசர்தான் மேடம். அவருக்கு எம்மேல கோவம் வந்தா அடிக்க மாட்டாரு. சாப்ட்டு எழுந்து வந்து, தோச்சு மடிச்சு வச்ச புடவைல எச்சில் கைய தொடைப்பாரு. நான் பாக்கணும். பாத்துட்டுப் பேசக்கூடாது. திரும்பத் தோய்க்கணும். எத்தினி வருசம்! யாருக்கும் தெரியாது. எம் பொண்ணு ஷாரோனுக்கே தெரியாது."

"வேற யார்கிட்டயும் சொன்னதில்லையா?"

"வெளியாளுங்ககிட்ட இதச் சொல்ல முடியுமா மேடம்?"

அந்தோணிமேரிக்கு அழுகை வந்துவிட்டது. "ஷாரோன் எங்கிட்ட ஒரு மாசமா பேசறதில்ல. இந்தக் கல்யாணம் அதுக்குப் புடிக்கல. அதுக்குத் தெரியாதுன்னு நான் நெனச்சிகினு இருக்கேன். சின்ன வயசுல எப்பவாவது பாத்துத் தொலைச்சிருந்தா? பேயா இருந்தா தாங்கிப்பேன். எம் பொண்ணு செஞ்சிருந்தா தாங்க மாட்டேன். இந்த ஞாயிறு மூணாம் ஓலை. அதுக்குள்ள சொல்லுங்க. சொல்ல முடியலன்னா சாமியார் கால்ல வுழுந்து நிறுத்திடறேன்."

அவள் போனபின் சுபஸ்ரீ பையை அவிழ்த்தாள். டீயோடு திரும்பிய அண்ணாதுரை டம்ளரைக்கூட வைக்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். இளஞ்சிவப்புப் பட்டு. நடுவே ஐந்து விரல் தெரிய ஒரு இழுப்பு. அது காய்ந்து, பூஞ்சை பிடித்து, புளிப்பு வாடை வீசியது. சுபஸ்ரீ பேனா முனையால் கிளறினாள். பூஞ்சைக்கு நடுவே, பூஞ்சையில்லாத வெள்ளையாய் ஏதோ துருவல் ஒட்டியிருந்தது.

"சீ," என்று மட்டும் சொன்னாள். பிறகு சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினாள்.

மறுநாள் காலை இருவரும் பேய் பங்களாவுக்குப் போனார்கள். எவனோ ஒரு வெள்ளைக்காரக் கான்ட்ராக்டர் கட்டியதாம். பின்னால் ஒரு ஏரி. ஏரி என்று பழக்கத்தில் சொல்வதுதான். கரையெல்லாம் சோப்பு நுரை, செத்த ஜிலேபி மீன், பிரியாணிப் பொட்டலம். எந்தக் குழாயிலிருந்து வருகிறதென்று கேட்டால் ஒவ்வொருவனும் அடுத்தவனைக் கை காட்டுவான். உள்ளே நல்ல பகலில் கும்மிருட்டு. ஜன்னலெல்லாம் தடித்த திரை. நைட் ஷிப்ட் பையன்கள் தூங்குவதால் எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள். உச்சி வேளையில் ஒருவன் எச்சில் தட்டோடு நடந்து போனாலும் யாரும் தலை தூக்கிப் பார்க்க மாட்டார்கள்.

"தங்கற பசங்க எவனாச்சும் வெள்ளாடி இருப்பானா மேடம்?" என்றார் அண்ணாதுரை.

"விளையாடுறவன் புடவையைத் தேடிப் போய் பீரோவைத் திறக்க மாட்டான் சார். அந்தம்மா ரூம் சாவி ஆணில தொங்குறது வீட்டு ஆளுங்களுக்குத்தான் தெரியும்."

வீட்டு ஆட்கள் மூன்று பேர். ஞாயிறு மத்தியானம் மூவருமே அங்கே சாப்பிட வருபவர்கள்.

லாசரின் தம்பி யாக்கோபு முதலில் வந்தார். கோவில் பாடல் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர். கல்யாணம் பிடிக்கவில்லை என்பதை மறைக்கவே இல்லை. "எங்கண்ணன் தங்கமான ஆளும்மா. குடிச்சான், இல்லேன்னு சொல்லல. ஆனா பொண்டாட்டிய ஒரு அடி அடிச்சதில்ல. அவன் வந்தான்னா பீடிய கேட்டு வருவான். மீன் தட்டும் புடவையும் அவனுக்கு எதுக்கு? எனக்கு ஒண்ணும் வெளங்கல." போன ஞாயிறு ஆயர் பூசைக்குக் கடைசிப் பாட்டு வரைக்கும் ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருந்தாராம்.

மகள் ஷாரோன் செல்போன் கம்பெனி லைனில் வேலை பார்ப்பவள். இருபத்திரண்டு வயது. யூனிபார்மைக்கூட மாற்றாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அம்மாகூடத்தான் கோவிலுக்குப் போனேன். வேற பெஞ்சுல உக்காந்தேன். அந்த ஆள எனக்குப் புடிக்காது, ஆமா. மூணு வருசமா இங்க துன்றாரு. ஒரு நாள் துன்ன தட்டக் கழுவி வச்சதில்ல. அம்மாக்கு அது ஒரு கொறையாவே தெரியல."

"புடவையில அந்தக் கறை?"

"எவனோ துன்னுட்டு கைய தொடச்சிகினு போயிருக்கான். அதப் பாத்துட்டு எங்கப்பாதான்னு அம்மா ஏன் கத்துச்சு? அதான் எனக்குப் புரியல. எங்கப்பாவுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?" உண்மையாகவே கேட்டாள்.

ஜெபகுமார் மத்தியான ஷிப்டுக்குப் போகுமுன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தோணிமேரி பக்கத்தில் நின்று பரிமாறினாள். ஐம்பது வயதுக்கு நல்ல களையான முகம், சாந்தமான பேச்சு.

"வாங்க மேடம், ஒரு வாய் சாப்பிடுங்க. மேரி எல்லாம் நல்லா வைப்பா. மீன் கொளம்பு மட்டும் எங்க ஊரு மாதிரி வராது," என்று சிரித்தார்.

"ஐயே, மீன் கொழம்புல தேங்கா அரச்சு ஊத்தணுமாம்," என்று அவளும் லேசாகச் சிரித்தாள். "நாங்க புளியும் தக்காளியும்தான்."

அவள் ரசம் எடுத்துவர உள்ளே போனதும் ஜெபகுமார் பெருமூச்சு விட்டார். "அவளப் பாக்கவே பாவமா இருக்கு. மொதல் ஓலை வாசிச்சாவ, வந்துட்டாரு. போன ஞாயித்துக்கெளம ரெண்டாம் ஓலை வாசிச்சாவ, அன்னைக்கு மத்தியானமே வந்துட்டாரு. செத்த பொறவும் அந்தப் புத்தி போகல பாத்தியளா?"

"நீங்க அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

"நான் எங்க சபை ஆராதனைக்குப் போயிட்டு நேரா இங்க வந்தேன். வந்து கால் கூட கழுவல, அவ சத்தம் கேட்டுச்சு." தட்டை வழித்தார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல மேடம். அந்த ஆத்துமா சாந்தி அடையட்டும். அஞ்சு வருசம் ஆனாலும் காத்திருக்கேன்னு சொல்லிட்டேன். நிறுத்தச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். அவளா முடிவு எடுக்கட்டும்."

"இன்னா தங்கமான மன்சன் மேடம்!" என்றார் அண்ணாதுரை, வெளியே வந்ததும். "அந்த ஆர்மோனியம்தான் சரியில்ல. மூஞ்சே சொல்லுது."

"ஒரகடம் கூட்ரோட்ல நெல்லை மெஸ் ஒண்ணு இருக்கில்ல சார்? அங்க போய் சனிக்கிழமைதோறும் மீன் குழம்பு பார்சல் வாங்குறது யாருன்னு கேட்டுட்டு வாங்க. வாங்கினவர் அப்பவே சாப்பிட்டாரா, கட்டி எடுத்துட்டுப் போனாரான்னும் கேளுங்க."

சனிக்கிழமை மத்தியானம் லாட்ஜின் சாப்பாட்டு அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஷாரோன் மட்டும் கதவருகே நின்றாள். அந்தோணிமேரி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா," என்றாள் சுபஸ்ரீ. "உங்க பொண்ணு செய்யல."

அந்தோணிமேரி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் தன்மேல் சந்தேகம் இருந்ததே ஷாரோனுக்குத் தெரிந்தது. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"இந்தப் பேய் ஓலைக்கு எதிர்ப்புத் தெரிவிக்க வருது," என்று சுபஸ்ரீ தொடர்ந்தாள். "அப்படின்னா போன ஞாயிறு ஏன் வந்துச்சு? அன்னைக்கு ஓலையே வாசிக்கலையே. செவ்வாய்க்கிழமை வாசிச்சப்ப வரல. ஓலை தள்ளிப்போனது பேய்க்குத் தெரியல. உங்க கோவில்ல உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். மைக்ல சொன்னாங்க. யாக்கோபு சார் ஆர்மோனியத்துல இருந்தார், ஷாரோன் பெஞ்ச்சுல இருந்தா. தெரியாத ஆள் ஒருத்தர்தான். நேத்து எங்கிட்ட, ஞாயித்துக்கிழமை ரெண்டாம் ஓலை வாசிச்சாங்கன்னு சொன்னவர்."

எல்லோரும் ஜெபகுமாரைப் பார்த்தார்கள். அவர் சாந்தமாகவே இருந்தார். "நான் வேற சபை மேடம். எனக்கு யாரு சொன்னாவ? தெரியாதது ஒரு குத்தமா?"

"குத்தமில்ல. அது மட்டும்னா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆனா புடவையில இருந்த குழம்புல தேங்காய் இருந்துச்சு. இந்த வீட்டு மீன் குழம்புல தேங்காய் கிடையாது. லாசரும் இந்த ஊர்க்காரர்தான்."

"மெஸ்ல கேட்டுட்டேன்," என்று அண்ணாதுரை துள்ளினார். "ரெண்டு சனிக்கெழமையும் மீன் கொயம்பு பார்சல். கட்டி எட்த்துகினு போனாராம். இவரு போட்டோவ பாத்ததும், 'நம்ம ஃபோர்மேன் அண்ணாச்சி'ன்றான்!"

"எங்க ஊரு சாப்பாடுன்னு ஆசையா வாங்கினேன். அந்த மெஸ்ல ஆயிரம் பேரு வாங்குதான்."

"வாங்குறாங்க. அதனால இதுவும் போதாது," என்றாள் சுபஸ்ரீ. குரல் இன்னும் உயரவில்லை. "போதுமானது புடவைதான். அந்தக் கறையைப் பார்த்து யாக்கோபு சாருக்கு ஒண்ணும் விளங்கல. லாசரோட பொண்ணுக்கே அதுக்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம்னு புரியல. நீங்க மட்டும்தான், செத்த பிறகும் அந்தப் புத்தி போகலன்னு சொன்னீங்க. எந்தப் புத்தி? உயிரோட இருந்தப்ப லாசர் புடவையில கை துடைப்பார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

யாக்கோபு அண்ணியைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் அந்தோணிமேரி. "ஒரே ஒரு தடவ. இவருகிட்ட மட்டும். லாசர் கோவம் வந்தா எம் புடவைல எச்சில் கைய தொடைப்பாரு ஷாரோன். உனக்குத் தெரியக்கூடாதுன்னு மறைச்சேன். இவருகிட்ட சொல்லி அழுதேன். அன்னைக்கு ராத்திரி முழுக்க எங்கைய புடிச்சிகினு இருந்தாரு." ஜெபகுமார் பக்கம் திரும்பினாள். "வெளியாளு யாருக்கும் சொல்லலன்னு இவங்ககிட்ட சொன்னேன். உன்ன நான் வெளியாளா நெனைக்கல. சொல்லு. நீதானா?"

ஜெபகுமார் தரையைப் பார்த்தார். பிறகு, சின்னப் பிள்ளையிடம் நியாயம் சொல்வதுபோல் சொன்னார்: "இப்ப நமக்கு என்ன கொறச்சல் மேரி? நல்லாத்தான இருந்தோம்? கல்யாணம் அது இதுன்னு நீதான் இழுத்த. எல்லாரு முன்னாலயும் மாட்டேன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

அவ்வளவுதான் விஷயம். சூடாகச் சோறு வேண்டும், துவைத்த சட்டை வேண்டும், கட்டில் வேண்டும். தாலி மட்டும் வேண்டாம். அதையும் தன் வாயால் சொல்லிக் கெட்ட பேர் வாங்காமல், பேய்க்கு பயந்து அவளே நிறுத்திவிட, இவர் காத்திருக்கிற நல்லவராய் அதே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்காக, அவள் யாரிடமும் சொல்லாத அசிங்கத்தைத் தோண்டி எடுத்து, இரவோடிரவாக ஊசவைத்து, அவள் கல்யாணப் புடவையிலேயே துடைத்திருக்கிறார். கொலைகாரனைப் பார்த்தால்கூட இவ்வளவு அருவருப்பு வராது. அண்ணாதுரை கையை ஓங்கிக்கொண்டு போனார். சுபஸ்ரீ அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சாயங்காலத்துக்குள்ள ரூம காலி பண்ணு," என்றாள் அந்தோணிமேரி.

ஷாரோன் யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

ஜெபகுமார் பெட்டி கட்டப் போனபின் சுபஸ்ரீ மெதுவாகச் சொன்னாள்: "சாமியாருக்கு ஒரு போன் பண்ணிட்டா மூணாம் ஓலை வாசிக்க மாட்டாரும்மா. நான் வேணா பேசறேன்."

"வேணாம் மேடம். சத்தமில்லாம நின்னா, லாசர் வந்து நிறுத்திட்டாருன்னு ஊரே பேசும். பாவம், செஞ்சது போதாதுன்னு செய்யாததையும் அவர் தலைல கட்டணுமா? வாசிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சுபஸ்ரீயும் அண்ணாதுரையும் கோவிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவளை அழைத்தவர் யாருமில்லை. போகாமல் இருக்க முடியவில்லை. அந்தோணிமேரி பெண்கள் பக்கம் நடுவில் தனியாக இருந்தாள். ஷாரோன் அந்தப் பக்கச் சுவரோரம். யாக்கோபு ஆர்மோனியத்தில் தலை நிமிரவில்லை.

பூசை முடியும் நேரம் சாமியார் காகிதத்தை எடுத்தார். "திருமண அறிவிப்பு. மூன்றாம் ஓலை. காலஞ்சென்ற லாசரின் மனைவி அந்தோணிமேரிக்கும், நாசரேத் ஜெபகுமாருக்கும் திருமணம் நடைபெற உள்ளது. தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

வழக்கமாக இந்த இடத்தில் ஜனங்கள் செருப்பைத் தேடத் தொடங்குவார்கள். அந்தோணிமேரி எழுந்து நின்றாள்.

"எனக்குத் தடை தெரியும் சாமி."

சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா? என்ன தடை?"

"அந்த ஆளு உயிரோட இருந்துகினே பேய் வேஷம் போட்டாரு சாமி. செத்தவர் பேரச் சொல்லி என்ன பயமுறுத்தினாரு." பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "அந்தோணிமேரிக்கு சம்மதமில்ல. எழுதிக்கோங்க."

உட்காரத் தோன்றாமல் அவள் அப்படியே நின்றாள். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியிருந்தது. முன் பெஞ்சில் யாரோ குசுகுசுத்தார்கள். சுவரோரத்திலிருந்து ஷாரோன் எழுந்தாள். முழங்கால்களை இடித்துக்கொண்டு வரிசைக்குள் நுழைந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"உக்காரும்மா," என்றாள்.